ஆக்கள் வந்தால் மட்டும் இருக்கிற ஹோல்: அதை வீட்டுக்காரருக்கும் உதவுகிற மாதிரி ஒழுங்குபடுத்துவது எப்படி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்து வீடுகளுக்குக் கேர்ட்டினும் செற்றிக் கவரும் தைத்துக் கொடுப்பது என் தொழில். அளவு நாடாவோடு ஹோலுக்குள் போனால் வீட்டுக்காரர் சொல்வது ஒரு கதை, துணி சொல்வது வேறு கதை. "இது ஆக்கள் வந்தா மட்டும் இருக்கிற செற்றி அக்கா, நாங்கள் பாவிக்கிறேல்லை" என்பார்கள். கவரைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பேர் இருக்கிற செற்றியில் யன்னல் பக்கத்து மூலை மட்டும் குழி விழுந்திருக்கும். கைப்பிடியில் தலை எண்ணெய் பிடித்திருக்கும். யாரோ ஒருவர் தினமும் அதில் சரிந்து கிடந்து ஃபோன் பார்க்கிறார். மற்ற இரண்டு இடமும் கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கும்.

சாப்பாட்டு மேசையும் அப்படித்தான். விரிப்பைத் தூக்கினால் ஒரு பக்கத்தில் அயன் சுட்ட தடம். நடுவில் யாரோ பேனையை அழுத்திக் கணக்குச் செய்திருப்பார்கள். விரலால் தடவினால் இலக்கமே தட்டுப்படும். ஆறு கதிரையில் இரண்டின் குஷன் மட்டும் நைந்திருக்கும். ஒன்றில் மடிக்காத உடுப்புக் குவியல். மற்றவை இருக்கிற இடம் தெரியாமல் மேசைக்குள் தள்ளப்பட்டிருக்கும்.

இதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. வீடு பாவிக்கத்தானே. சங்கடம் எங்கே என்றால், பாவிக்கிற விதம் ஒன்று, தளபாடம் போட்டிருக்கிற விதம் வேறொன்று. வருஷத்தில் சில நாள் வருகிற விருந்தாளிக்காக வீட்டிலேயே நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் குசினி வாசலிலும் அறைக் கட்டிலிலும் நெரிபடுகிறார்கள். கொழும்பில் ஒரு சதுர அடி என்ன விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கின இடத்தில் வெறும் செற்றி குடியிருக்கிறது.

அதற்காக ஹோலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருவார்கள், பொன்னுருக்கல் வரும், ஒரு சாவு விழுந்தால் ஊரே வந்து போகும். அப்போது வீடு வீடாக இருக்க வேண்டும். ஆனால் ஹோல் வருஷம் முழுக்க ஹோலாகவே இருக்கத் தேவையில்லை. கால் மணி நேரத்தில் ஹோலாக மாறினால் போதும். "கீழே வந்திட்டம், லிஃப்ற்றுக்கு நிக்கிறம்" என்று ஃபோன் வருகிற ஊர் இது. அதுகூடக் கிடைக்காது என்று நீங்கள் சொல்லலாம். சரி, வந்தவர்களை வாசலில் செருப்புக் கழற்றும்வரை பேச்சில் வைத்திருக்கலாம். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான்.

முதலில் பாருங்கள், வாங்குவது பிறகு

என் மகள் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவள். அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போயிருந்து பார்த்தார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யார் எந்த அறையில், என்ன செய்துகொண்டு என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டின் வரைபடத்தில் அந்தக் குறிகளை எல்லாம் புள்ளியாக வைத்துப் பார்த்தால், குசினியையும் ரீவி, கொம்பியூட்டர் உள்ள இடத்தையும் சுற்றிப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. விருந்தினர் ஹோலிலும் சாப்பாட்டு அறையிலும் அங்கொன்று இங்கொன்றுதான்.

லொஸ் ஏஞ்சல்ஸ் வீடும் ராமகிருஷ்ண வீதித் தொடர்மாடியும் ஒன்றல்ல. அங்கே விருந்தினர் ஹோலுக்கு வேறாகக் குடும்பம் புழங்க ஒரு அறை இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே அறை. ஆனால் அந்தப் புள்ளி வைக்கிற வேலையை நாமும் செய்யலாம், செலவில்லை. பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து வீட்டின் படத்தைக் கோணல்மாணலாகக் கீறுங்கள். வேலை நாள் ஒன்றில் பின்னேரம் ஐந்திலிருந்து பத்து மணிவரை, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அரை மணிக்கு ஒருக்கால் யார் எங்கே என்று முதலெழுத்தைப் போட்டு ஒரு புள்ளி வையுங்கள். ஞாபகத்தில் இருந்து எழுதக் கூடாது. ஞாபகத்தில் நாம் எல்லோரும் மேசையில் இருந்துதான் சாப்பிடுகிறோம்.

ஆட்களை மட்டுமல்ல, பொருட்களையும் குறியுங்கள். ஸ்கூல் பேக் எங்கே விழுகிறது, ஃபோன் எங்கே சார்ஜ் ஏறுகிறது, அம்மம்மாவின் மருந்துப் பெட்டி எங்கே, அயன் பண்ணாத உடுப்பு எங்கே காத்துக் கிடக்கிறது. பெரும்பாலான வீட்டில் எனக்குக் காட்டிய தாளில் மூன்று இடத்தில்தான் புள்ளி குவிந்திருக்கும்: சாப்பாட்டு மேசையின் ஒரு அந்தம், பிளக் பொயின்ற்றுக்குக் கிட்ட உள்ள செற்றி மூலை, பல்கனிக் கதவுக்கு உள்பக்கத் தரை. அந்தத் தரை எதற்கு என்று கேட்பீர்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது வீட்டில் எல்லோரும் எங்கே போய் இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காற்று வருகிற இடம் அது. கரண்ட் வந்த பிறகும் பிள்ளைகள் அந்த இடத்தை விடவில்லை.

இன்னொரு தாளில், போன தைப்பொங்கலில் இருந்து இன்றுவரை வீட்டுக்கு வந்தவர்களை எழுதுங்கள். இவர்களில் மூன்று வகை உண்டு. முதலாவது, சொல்லிவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர்கள். நாம் செற்றி வாங்குவது இவர்களுக்காக. இரண்டாவது, கூட்டமாக வருகிறவர்கள்: சரஸ்வதி பூசை, பிறந்தநாள், அந்தியேட்டி. இவர்களுக்குச் செற்றி இடைஞ்சல், வெறுந்தரைதான் தேவை.

மூன்றாவது வகைதான் கொழும்புத் தமிழ் வீட்டின் உண்மையான விருந்தாளி. யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸில் வந்து விடியக்காலமே வெள்ளவத்தையில் இறங்குகிற பெரியம்மா, விசா அலுவலாக வருகிற தம்பி, ஆஸ்பத்திரியில் காட்ட வருகிற மாமா, ஆடி ஆவணியில் லண்டனிலும் கனடாவிலும் இருந்து பெட்டிகளோடு வருகிற குடும்பம். இவர்கள் ஹோலில் இருக்க வருவதில்லை, படுக்க வருகிறார்கள். அப்படியென்றால் உங்கள் ஹோல் ஒரு படுக்கையறையும்தான். ஆனால் பாயும் தலையணையும் எங்கே இருக்கின்றன? உள்ளறை அலுமாரிக்கு மேலே, நித்திரை கொள்கிற ஆளின் தலைக்கு நேரே. ஐந்து மணிக்கு ஆள் வந்தால் அந்த அறை லைற்றையும் போட்டு எல்லோரையும் எழுப்பவேண்டும். ஹோல் யன்னலுக்குக் கீழே மூடி வைத்த பெட்டி வாங்கு ஒன்று செய்வியுங்கள். பதினெட்டு அங்குல உயரம், மேலே மூன்றங்குலத்தில் ஒரு மெத்தை. உள்ளே பாய், தலையணை, போர்வை. பகலில் அதில் மூன்று பேர் இருக்கலாம். மூடியின் அடியில் காற்றுத் துளை இரண்டு போடச் சொல்லுங்கள். கொழும்பு ஈரத்தில் மூடி வைத்த தலையணை மணக்கும்.

சாப்பாட்டு மேசை

நான் அதிகம் பேச விரும்புகிற சாமான் இதுதான். ஏனென்றால் வீட்டிலேயே அதிகம் உழைக்கிறதும் அதிகம் திட்டு வாங்குகிறதும் இதுதான்.

முதலில் அளவு. ஒருவர் பக்கத்து ஆளின் கையில் இடிபடாமல் சாப்பிட 24 அங்குலம் வேண்டும். ஆறு பேர் மேசை என்றால் ஆறடிக்கு மூன்றடி. கதிரையை இழுத்து எழும்பப் பின்னால் 30 அங்குலம். அந்த ஆளுக்குப் பின்னால் இன்னொருவர் கறிச்சட்டியோடு போக வேண்டும் என்றால் 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கூட்டிப் பாருங்கள். மேசை மூன்றடி, இரண்டு பக்கமும் மும்மூன்றடி, மொத்தம் ஒன்பதடி அகலம். நம்முடைய தொடர்மாடிகளில் சாப்பாட்டு இடம் என்று விட்டிருப்பது பெரும்பாலும் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் நடக்கிற பாதையைத்தான். அதில் ஆறு பேர் மேசையை நடுவில் போட்டால் வீடு முழுக்கப் பக்கவாட்டில் நடக்கவேண்டியதுதான்.

ஆகவே மேசையின் நீளப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். அன்றாடத்துக்கு மூன்று நான்கு கதிரை போதும். ஆக்கள் வந்தால் இழுத்து நடுவில் விடலாம், அதற்கு மேசைக் காலின் அடியில் தடித்த கம்பளித் துண்டு ஒட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். மிச்சக் கதிரையில் ஒன்றை வாசலுக்குக் கிட்ட வையுங்கள். வயது போனவர்கள் இருந்து சப்பாத்துப் போட உதவும். ஒன்றை அறைக்குள் விடுங்கள். தேவைப்படுகிற நேரம் வரும்தானே.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் மடிகிற பலகை வைத்த மேசையைக் கேளுங்கள். மொரட்டுவைத் தச்சர்களிடம் அளவு கொடுத்தால் தேக்கிலோ மகோகனியிலோ செய்து தருவார்கள். மேலே கண்ணாடி போட்ட மேசையை மட்டும் வாங்காதீர்கள். கோப்பை வைத்தால் சத்தம், கறி சிந்தினால் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நாறும், இரவு லைற் அதில் பட்டுப் படிக்கிற பிள்ளையின் கண்ணில் குத்தும். கடைக்காரர் துடைக்க லேசு என்பார். அவர் வீட்டில் துடைக்கிறது அவர் இல்லை.

இனி உண்மையான பாவனைக்கு வருவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட பிறகு சாப்பாட்டு மேசை வகுப்பறையாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்தும் பல வீடுகளில் அது திரும்பிச் சாப்பாட்டு மேசையாக வரவில்லை. வீட்டில் சாதாரண தரமோ உயர்தரமோ எடுக்கிற பிள்ளை இருந்தால், மேசை அந்தப் பிள்ளையினுடையது. ஒத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட வேணும், புத்தகத்தை எடு" என்று ஒவ்வொரு இரவும் சண்டை பிடிப்பதை விட மேசையை இரண்டாகப் பிரித்து விடலாம். குசினிப் பக்கத்து அந்தம் சாப்பாட்டுக்கு. யன்னல் அல்லது பிளக் பக்கத்து அந்தம் படிப்புக்கு. அப்பா ஒன்பது மணிக்கு வந்து தனியாகச் சாப்பிடுகிற வீட்டில் ஆறு இடமும் ஒரே நேரத்தில் எதற்கு?

புத்தகம் மேசையிலேயே கிடப்பது பிள்ளையின் சோம்பலால் அல்ல. புத்தகத் தட்டு அறைக்குள் இருக்கிறது, மேசை இங்கே இருக்கிறது. இருந்த இடத்தில் இருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் சின்னச் சில்லு வைத்த ஒரு தட்டு இருந்தால் புத்தகம் அதில் போகும். ஆக்கள் வரும்போது சில்லை உருட்டி அறைக்குள் தள்ளிவிடலாம். மேசையில் நிரந்தரமாகக் குடியிருக்கிற மற்றச் சாமான்கள், அதாவது ஊறுகாய்ப் போத்தல், தண்ணீர்ப் போத்தல், மருந்து, உப்பு, பல்லுக்குச்சி, கரண்ட் பில், எல்லாவற்றையும் ஒரே தட்டத்துக்குள் வையுங்கள். ஒரு தட்டத்தைத் தூக்கினால் மேசை வெறுமை. தட்டத்துக்குள் அடங்காதது மேசைக்குரியது அல்ல. மருந்தில் மட்டும் கவனம்: பேரப்பிள்ளைகள் வருகிற வீடு என்றால் மூடி உள்ள பெட்டியில், உயரத்தில்.

விரிப்புக்கு வருகிறேன். அன்றாடத்துக்குத் துடைக்கக்கூடிய விரிப்பில் அடிப்பக்கம் துணி ஒட்டினதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்ரிக் நம்முடைய வியர்வையில் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆக்களுக்கு ஒரு நல்ல பருத்தி விரிப்பு, நான்கு பக்கமும் எட்டங்குலம் தொங்குகிற அளவில். அதை அலுமாரியின் அடியில் ஒளித்து வைக்காமல், மேசைக்குக் கிட்ட உள்ள லாச்சியில் அயன் பண்ணிச் சுருட்டி வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புத் தடம் விழும், சுருட்டினால் விழாது.

செற்றியும் தரையும்

இப்போது எல்லோரும் கேட்கிறது மூலைச் செற்றி, எல் வடிவத்தில். நான் வாயைத் திறந்து வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் காரணம் லிஃப்ற். பழைய தொடர்மாடிகளின் லிஃப்ற்றுக்குள் அது போகாது. நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு ஏழாம் மாடிக்கு ஏறுகிறதைப் பார்த்திருக்கிறேன், சுவர் முழுக்கக் கீறல். இரண்டாவது, அது ஒரு மூலையில் குந்தினால் குந்தினதுதான். பூசைக்கோ படுக்கைக்கோ தரை வேண்டும் என்றால் அசைக்க முடியாது. மூன்றாவது, அதன் மூலையில் யாரும் இருக்க மாட்டார்கள், முழங்கால் இடிக்கும். ஆறு பேர் செற்றி என்று வாங்கி நாலு பேர்தான் இருக்கிறீர்கள்.

இரண்டு பேர் செற்றி ஒன்று, தனிக் கதிரை மூன்று. இதுவே என் தேர்வு. தனிக் கதிரையில் ஒன்றாவது இருக்கை 18, 19 அங்குல உயரத்தில், மரக் கைப்பிடியோடு இருக்கட்டும். அம்மம்மாவோ மாமாவோ தாழ்ந்த செற்றியில் இருந்தால் எழுப்ப ஆள் வேண்டும்; அதனால்தான் அவர்கள் "நான் இதிலேயே நிக்கிறன், பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு சாப்பாட்டுக் கதிரையைத் தேடுவது. பிரம்புக் கதிரை நல்ல தெரிவு. கண்டி வீதியில் வேவல்தெனியவில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. பாரமில்லை, ஒரு கையால் தூக்கலாம், காற்றுப் போகும்.

துணியைப் பற்றி என் தொழில் முறையில் சொல்கிறேன். றெக்சின் மாதிரி இருக்கிற மலிவான செயற்கைத் தோல் நம்முடைய ஈரத்தில் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். உரிந்தால் தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. பருத்தி எடுங்கள், ஆனால் வெட்ட முதல் ஒருக்காத் தோய்த்துக் காயவிட்டு அயன் பண்ணச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு முதல் தோய்ச்சலில் சுருங்கி, கவருக்குள் ஃபோம் ஏறாது. சிப்பை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். பின்பக்கத்தில் மட்டும் வைத்தால் ஃபோமை உள்ளே தள்ள ஒரு மல்லுக்கட்டு நடக்கும். பின்பக்கம் முழுக்க ஓடி, இரண்டு பக்கத்திலும் நாலைந்து அங்குலம் திரும்ப வேண்டும். அப்படி இருந்தால் ஒரு குஷன் கவரை நீங்களே ஒரு நிமிஷத்தில் மாற்றலாம். நான் எல்லோருக்கும் இரண்டு செற் தைக்கச் சொல்வது அதனால்தான்: பிள்ளைகள் கால் வைக்கிறதுக்கு ஒரு கடும் நிறம், ஆக்களுக்கு ஒரு வெளிர் நிறம். செற்றிக்கு மேல் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் தரையில்தான் எல்லோரும் இருப்பார்கள்.

ஃபோமை மாதத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போடுங்கள், இடத்தையும் மாற்றுங்கள். யன்னல் மூலைக் குழி மூன்றுக்கும் பகிரப்படும்.

தரையை மறக்காதீர்கள். கூட்டம் வருகிற நாளில் சின்ன மேசையும் கம்பளமும் போனால் எவ்வளவு வெறுந்தரை கிடைக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்துக்கு பத்தடி கிடைத்தால் கொழும்பில் பெரிய விஷயம். கம்பளத்தைச் செற்றியின் கால்களுக்குள் செருகிப் போடாதீர்கள். அவசரத்தில் சுருட்ட முடியாது. துக்க வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். உடலை மலர்ச்சாலையில் வைத்துக் கனத்தை மயானத்தில் எரித்தாலும், ஆட்கள் வருவது வீட்டுக்குத்தான், அதுவும் நாள்கணக்காக. அந்த நேரம் செற்றி எல்லாம் சுவரோடு போய், நடுவில் பாய் விரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லா வீட்டிலும் அது நடக்கும். அந்த ஒழுங்கு உங்கள் ஹோலுக்கு எவ்வளவு லேசாக வருகிறது என்பதுதான் அறை சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதற்குச் சோதனை.

நடுவில் ஒரு சீலை

ஹோலையும் சாப்பாட்டு இடத்தையும் பிரிக்கிற கலையை எனக்குக் கற்றுத் தந்தது தெஹிவளைப் பக்கத்து முஸ்லிம் வீடுகள். அங்கே முன்னறை வெளி ஆம்பிளைகள் வந்து இருக்கிற இடம். உள்ளே பெண்களும் சாப்பாடும். நடுவில் கதவு இல்லை, கேர்ட்டின்தான் கதவு. அதை அவர்கள் அலங்காரமாக நினைப்பதில்லை, சுவராக நினைக்கிறார்கள், அதனால் ஓடர் கொடுக்கும்போதே சரியாகக் கேட்பார்கள். இரண்டு பக்கமும் நல்ல பக்கமாக இருக்கவேண்டும். அகலத்துக்கு இரண்டு, இரண்டரை மடங்கு துணி. தரைக்கு மேலே அரை அங்குலம் மட்டும் இடைவெளி. துணிக்குள்ளால் மறுபக்கம் தெரிகிறதா இல்லையா என்று பகலில் பார்க்கக் கூடாது. இரவு உள்பக்க லைற்றைப் போட்டுவிட்டு வெளிப்பக்கம் நின்று பார்க்கவேண்டும். பகலில் ஒன்றும் தெரியாத லேஸ் துணி இரவில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற வீட்டில் தரையும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் அங்கே தளபாடமும் சுவரோரம்தான்.

இந்து, கிறிஸ்தவ வீடுகளுக்கும் இந்தச் சீலை உதவும், காரணம் வேறு. ஆக்கள் வந்து ஹோலில் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில் புத்தகமும் உடுப்பும் கிடந்தால் சீலையை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கால் மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிஷம் இதிலேயே மிச்சம். கூரையில் அடிக்கிற தண்டவாளத்தை வளைவாகக் கேளுங்கள். சீலை சுவர் மூலைக்குள் போய் ஒதுங்கி நிற்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் திரு இருதயப் படம் ஹோல் சுவரில் இருக்கும், கீழே ரீவி. செபமாலை சொல்கிற நேரம் ரீவியை மூட ஒரு சின்னச் சீலை தைத்துத் தரச் சொல்லி வாங்கினவர்களும் உண்டு. நல்ல யோசனை.

கடற்கரைப் பக்கத்து லேன்களில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. யன்னல் மேற்கே பார்க்கும், பின்னேர வெயில் நேரே செற்றியில் விழும். உட்துணி போடாத கேர்ட்டின் மரூனாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் சாயம் போகும், யன்னல் பக்கத்து மடிப்பில் இருந்து தொடங்கும். வைகாசியில் இருந்து புரட்டாதிவரை தென்மேற்குக் காற்று உப்பைக் கொண்டுவந்து கொக்கியையும் ஆணியையும் கறள் பிடிக்க வைக்கும், அந்தக் கறள் துணியில் இறங்கினால் போகாது. பித்தளை வளையம், நல்ல எவர்சில்வர் தடி. குரோம் பூச்சைத் தொடாதீர்கள்.

பிளக்கும் லைற்றும் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். பழைய வீடுகளில் ஹோலுக்கு ரீவிக்குப் பக்கத்தில் ஒரு உருண்டை பிளக், சாப்பாட்டு இடத்தில் பிரிட்ஜுக்கு ஒன்று, அவ்வளவுதான். அதில் இருந்து மல்ரி பிளக், அதில் இருந்து வயர், வயரை மறைக்கப் பாய். ஃபோன் சார்ஜ் ஏறுகிற இடத்துக்குத்தான் ஆள் போகும். செற்றி மூலையில் குழி விழுந்ததும் அதனால்தான். பெரிய தச்சு வேலைக்கு முதல் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மேசையின் படிப்பு அந்தத்திலும் பல்கனிக் கதவுப் பக்கத்திலும் 13 அம்பியர் பிளக் ஒவ்வொன்று போடுங்கள். மேசைக்கு நேர் மேலே ஒரு லைற், தனிச் சுவிச்சோடு. ஹோலின் நடுவில் உள்ள ஒற்றை ரியூப் லைற்றில் படித்தால் பிள்ளையின் தலை நிழல் கொப்பியில் விழும்.

கடைசியாக அந்தக் கண்ணாடி அலுமாரி. எல்லா வீட்டிலும் உண்டு: கலியாணத்துக்கு வந்த தேத்தண்ணி செற், வெளிநாட்டில் இருந்து வந்த பொம்மை, பிள்ளைகளின் கேடயம். சாவி எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆக்கள் வந்தால் குசினியில் உள்ள கோப்பையில்தான் தேத்தண்ணி போகிறது, ஏனென்றால் அலுமாரிக் கோப்பையில் தூசி. கழுவித் துடைக்க நேரமில்லை. கண்ணுக்கு நேரே உள்ள தட்டைக் காலி பண்ணி அந்த ஆறு கோப்பையையும் வீட்டுப் பாவனைக்கு எடுங்கள். உடைந்தால் புறக்கோட்டையில் வாங்கலாம். காலியான தட்டில் விருந்து விரிப்பு, வெளிர் நிறக் கவர் செற், ஒரு தட்டம், மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும். கேடயங்கள் மேல் தட்டுக்குப் போகட்டும். சாவியைக் கதவிலேயே விட்டுவிடுங்கள்.